இரண்டு கரண்டி கறி

எங்கள் பக்கத்தில் கறி என்றால் அது ஆட்டுக்கறிதான். கோழியைக் கோழி என்போம், மீனை மீன் என்போம். வெறுமனே கறி என்று ஒருவர் சொன்ன பிறகும் எந்தக் கறி என்று கேட்டால், கேட்டவர் வெளியூர்க்காரர் என்று தெரிந்துகொள்ளலாம். தாராபுரத்தில் பிறந்து கோயம்புத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு முப்பத்தெட்டு வயதுவரை இதில் ஒரு சந்தேகமும் வந்ததில்லை. வந்திருந்தால் அந்த மூன்று மாதம் இப்படிக் கழிந்திருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் சிங்காநல்லூரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் மோட்டார் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். அந்த வருஷம் கம்பெனியில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்கள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். இவருடைய தாளில் மட்டும் கொலஸ்ட்ரால் என்ற சொல்லுக்கு நேரே சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருந்தது.

அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அவருடைய அண்ணன் நாற்பத்து நாலில் போனவர். பெருந்துறையில் அவர்களுடைய அக்கா வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அங்கே போயிருந்தார். மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டார், ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், கிடந்த கட்டிலில் சாய்ந்தார், கொஞ்ச நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. துக்கத்துக்கு வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டு போனது.

"கறி தின்னுபோட்டுப் படுத்தாருங்க. அப்பிடியே போயிட்டாரு."

அன்றிலிருந்து அந்த அக்கா கறியைத் தொடுவதில்லை. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். நங்கை தான் நிறுத்தியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகைகளோடு வருகிற இணைப்புகளில் கறியைப் பற்றி எது வந்தாலும் கத்தரித்து, மடித்து, உறையில் போட்டு எனக்கு அனுப்பிவைப்பார். கடிதம் என்று ஒரு வரி இருக்காது. கத்தரித்த துண்டு மட்டும் இருக்கும். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்று பெருந்துறையிலிருந்து எட்டிப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் தூக்கிப் போட மனம் வராமல் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்தேன்.

அந்த டின்னைத் திறந்து மொத்தமாகப் படித்தால் தலை சுற்றும். மனிதனுடைய குடல் நீளமானது, அது கறிக்கு ஏற்றதல்ல என்று ஒருவர் எழுதியிருப்பார். மனிதனுக்குக் கோரைப்பல் எதற்கு இருக்கிறது என்று அடுத்த மாதம் இன்னொருவர் கேட்டிருப்பார். முட்டையின் மஞ்சள் கரு விஷம் என்று ஒரு துண்டு. மஞ்சள் கருவின் மேல் வீண்பழி போட்டுவிட்டோம் என்று அதே பத்திரிகையில் ஒரு துண்டு. இரண்டாவது வகையை நங்கை அனுப்பமாட்டார், அவை என் வீட்டுக்காரர் கம்பெனி கேண்டீனிலிருந்து கிழித்துக்கொண்டு வந்தவை. பனிப்பிரதேசத்தில் வருஷம் முழுக்கக் கறியும் கொழுப்பும் தின்றே வாழ்கிறவர்களைப் பற்றி ஒன்று கிடைத்தபோது அதை வாய்விட்டு இரண்டு தரம் படித்துக் காட்டினார்.

"அவங்களுக்கெல்லாம் வட்டம் போட்டாங்களா அம்மணி?"

"அவங்க காலைல எந்திரிச்சு மிருகத்தத் தொரத்தீட்டு ஓடறாங்க. நீங்க பொழுதோட கேண்டீன் போண்டாவைத் தொரத்தறீங்க" என்றேன்.

வாய்தான் இப்படிப் பேசியது. உள்ளுக்குள் எனக்குப் பயம். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே நடை, ஒரே தொப்பை, ஒரே மாதிரி சோற்றைப் பிசைகிற கை. அண்ணன் போன வயதுக்கு இவருக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் இருந்தது. கறிதான் காரணமா இல்லையா என்பது பத்திரிகைக்காரர்களுக்கு விவாதம். எனக்கு அப்படியில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ஆடிக் கிருத்திகை. இரண்டு பேரும் விரதம். காலையிலேயே முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு அப்படியே பஸ் ஏறிவிட்டோம். டாக்டர் எங்கள் பக்கத்துக்காரர், பொறுமையாகப் பேசுகிறவர். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்து பார்க்கலாம், அதற்குப் பிறகு மறுபடி ரத்தம் எடுப்போம் என்றார். என்ன சாப்பிடுவது என்பதைப் பக்கத்து அறையில் இருக்கிற அம்மா சொல்வார் என்று அனுப்பிவைத்தார்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்து ஐயர் வீட்டுப் பேச்சு. எங்கள் நெற்றியைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. அன்று என்ன சாப்பிட்டோம் என்று கேட்டார். விரதம் என்றோம். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டே தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"சாதம் எவ்வளவு சாப்பிடுவார்?"

"மூணு தரம் போட்டுக்குவாருங்க."

"அதான் விஷயம். ஒரு கரண்டி சாதம் போறும். கறி நிறையச் சாப்பிடட்டும்."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தை ரொம்ப மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கறியுங்களா?"

"கறிதான். மத்தியானம் ரெண்டு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி."

"தினமுமுங்களா?"

"தினமும். ஒரே மாதிரி பண்ணினா அலுத்துடும். மாத்தி மாத்திப் பண்ணுங்கோ."

"வறுத்துக் குடுக்கலாமுங்களா?"

"வறுவல் கூடவே கூடாது. வேகவெச்சு, துளி எண்ணெயில தாளிச்சாப் போறும். தேங்காயைக் கண்ணாலேயே பார்க்கப்படாது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நங்கையின் டின் முழுக்க வேறு மாதிரி அல்லவா இருந்தது? கடைசியாக ஒரு முயற்சி செய்தேன்.

"கறி ஒடம்புக்கு ஆவாதுன்னு எங்க ஊட்ல பெரியவங்க சொல்றாங்களே?"

"யார் சொன்னா?" அந்த அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "கறியைக் குறைச்சுட்டுச் சாதத்தை ரொப்பிக்கறோம் பாருங்கோ, அதுதான் நம்ம ஊர் வியாதியே."

தாளை வாங்கிப் பார்த்தேன். சாதம் ஒரு கரண்டி, கறி இரண்டு கரண்டி, மோர் ஒரு டம்ளர் என்று அழகான கையெழுத்தில் இருந்தது. வீட்டுக்காரர் அதை என்னிடமிருந்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பஸ் ஏறி உட்கார்ந்ததும், "படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார். வீடு வருகிற வரைக்கும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மாறவில்லை.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் நங்கைக்குச் சொன்னேன். "அந்தம்மாளுக்கு மண்ட கிண்ட கொழம்பிப் போச்சா?" என்றார். ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். "என்னமோ பண்ணுங்க" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கத்தரித்த துண்டுகள் வாரத்துக்கு இரண்டு உறையாக வர ஆரம்பித்தன.

தினமும் கறி வேண்டுமென்றால் நீங்களே போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வண்டியை எடுக்கக் கூடாது என்றும் சொன்னேன், அது என் கோபத்துக்காகச் சொன்னது. பாய் கடை எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மைல். காலை ஆறு மணிக்குக் கிளம்பி நடந்து போய், கால் கிலோ தொடைக்கறியை வாங்கிக்கொண்டு நடந்தே வருவார். கால் கிலோவும் அவருக்கு மட்டும்தான். எனக்கும் பிள்ளைகளுக்கும் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைதான். கொழுப்பைச் சுத்தமாக எடுத்துவிடச் சொல்லியிருந்தேன். கொழுப்பில்லாத கறியில் என்ன ருசிங்கண்ணா என்று பாய் சங்கடப்பட்டாராம். டாக்டர் எழுதிக் கொடுத்தது என்று இவர் அந்தத் தாளையே எடுத்துக் காட்டியிருக்கிறார். அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பாய் அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியிலயே கறி தின்னச் சொல்றாங்க தெரியுங்களா? இந்த அண்ணனைக் கேட்டுப் பாருங்க."

நான் கரண்டியால் அளந்துதான் போட்டேன். மிளகும் சீரகமும் போட்டு வேகவைத்த கறி இரண்டு கரண்டி, சோறு ஒரு கரண்டி. முதல் வாரம் அவர் கறியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இரண்டாவது வாரம் சோற்றுப் பானையை ஏக்கத்தோடு பார்த்தார். ஒரு மாதத்தில் தேங்காய் அரைத்த குழம்பை நினைத்து நினைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் போண்டா தின்னுகிற பழக்கம் தானாகவே நின்றுபோயிற்று.

நடுவில் புரட்டாசி வந்தது. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க அடுப்பில் கறி ஏறாது. என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் ஒரு தனிச் சட்டியையும் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். பெருமாள் படம் முன்வாசலைப் பார்த்து மாட்டியிருக்கிறது, பின்பக்கம் நடப்பது அவருக்குத் தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெருமாளுக்குத் தெரியாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரிக்கு வாசனை தெரியுமே. சுவருக்கு மேலே தலை தெரிந்தது.

"ஏனுங்க்கா, பொரட்டாசியில..."

"மருந்துங்க" என்றேன்.

தலை கீழே இறங்கிவிட்டது. அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கறிக்கு மருந்து என்றுதான் பெயர். "அப்பாவுக்கு மருந்து வெந்துருச்சாம்மா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

ஐப்பசி பிறந்தது. மறுபரிசோதனைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு கணக்கு டீச்சர் மாற்றலாகி வந்திருந்தார். மத்தியானம் ஆபீஸ் அறையில் என்னோடுதான் சாப்பிடுவார். அன்று டப்பாவைத் திறந்தபோது என்ன டீச்சர் இன்றைக்கு என்று கேட்டேன்.

"வத்தக்குழம்பு, வாழைக்காய்க் கறி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாழக்காயில எங்கீங்க டீச்சர் கறி?"

"கறின்னா கறிதான். வாழைக்காய்க் கறி, கோஸ் கறி, பீன்ஸ் கறி. நீங்க பொரியல்னு சொல்றேளே, அதைத்தான் எங்காத்துல கறிம்போம்."

என் கையில் இருந்த சோற்று உருண்டை கையிலேயே நின்றது.

"அப்பறம் டீச்சர், தினமும் ரெண்டு கரண்டி கறி சாப்புடோணும்னு ஒருத்தர் சொன்னா?"

"நல்லதுதானே. காய்கறி உடம்புக்கு ஒசத்திதான்."

காய்கறி. பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற சொல். காய்கறிக் கடை, காய்கறி மார்க்கெட் என்று ஒரு நாளைக்குப் பத்து தரம் சொல்கிறோம். அதற்குள் ஒரு கறி உட்கார்ந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த அம்மா எங்கள் நெற்றித் திருநீற்றைப் பார்த்து எங்களைச் சைவம் என்று நினைத்துவிட்டார். நாங்கள் அவருடைய வாயிலிருந்து வந்த கறியைக் கேட்டு ஆட்டை நினைத்துவிட்டோம். மூன்று பேரில் ஒருவரும் இன்னும் ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்கவில்லை.

டீச்சர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். ஆகாத பொருளை மூன்று மாதமாக, புரட்டாசியில்கூட விடாமல், கரண்டியால் அளந்து அளந்து போட்டிருக்கிறேன். அண்ணன் ஒரு நாள் தின்றதற்கே போய்ச் சேர்ந்தார் என்று சொல்கிற குடும்பம் அது. இவருக்கு ஏதாவது ஒன்று ஆனால் நான் யார் முகத்தில் முழிப்பது? அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடித்ததும் அரைக்கிலோ பீன்ஸ் நறுக்கினேன்.

அவரிடம் சொல்லவில்லை. பயந்து அதனாலேயே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று இருந்தது. பரிசோதனைக்கு முன்னால் ஒரு வாரம் கறி ஆகாதாம் என்று மட்டும் சொன்னேன்.

"ஆரு சொன்னா?"

"கணக்கு டீச்சர்."

"கணக்கு டீச்சருக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் பீன்ஸைச் சாப்பிட்டுவிட்டு, பழகிப்போன காலுக்காக மறுநாளும் பாய் கடை வரைக்கும் நடந்து போய் வெறுங்கையோடு வந்தார். நான் ஒரு நாளைக்கு ஏழு எட்டுத் தரம் நெஞ்சு ஏதாவது பண்ணுகிறதா என்று கேட்டேன். "நீ கேட்டுக் கேட்டே வர வெச்சுருவ போலிருக்குதே" என்று எரிந்து விழுந்தார்.

பரிசோதனைக்கு முந்தின நாள் நங்கை பெருந்துறையிலிருந்து வந்துவிட்டார். தம்பியோடு தானும் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்றார். அவர் வருவது தெரிந்ததும் எங்காவது ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் இதைத் தனியாகச் சுமக்க என்னால் அதற்கு மேல் முடியவில்லை. சமையலறையில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் சொன்னேன் பார்த்தாயா என்று குதிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அப்படிக் குதித்திருந்தால் எனக்கும் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

நங்கை கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவனுக்கு நான் போட்டேன். இவனுக்கு நீ போட்டுட்டியா கண்ணு?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஆறு வருஷமாக இந்த மனுஷி, தன் மூத்த தம்பியைத் தன் கைச் சோறே கொன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கன்னு நாந்தாங் கண்ணு வற்புறுத்துனேன். போதுமுக்கா, போதுமுக்கான்னான்" என்றார். பத்திரிகைத் துண்டுகள் என் சட்டியை எட்டிப் பார்க்க வந்தவையல்ல. அவருடைய குற்றப் பத்திரிகையை அவரே கத்தரித்துக் கத்தரித்துச் சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு உறையையும் முறைத்துக்கொண்டே பிரித்த எனக்கு அந்த நேரம் வெட்கமாக இருந்தது.

மறுநாள் மூன்று பேரும் போனோம். ரத்தம் எடுத்துவிட்டுச் சாயங்காலம் வரச் சொன்னார்கள். திரும்ப வீட்டுக்குப் போக மனம் இல்லாமல் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியிலேயே பொழுதைப் போக்கினோம். அவர் மட்டும் ஒன்றும் தெரியாமல் கடலை வாங்கித் தின்றுகொண்டிருந்தார். தாள் வந்ததும் டாக்டர் உள்ளே கூப்பிட்டார். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நங்கை என் கையைப் பிடித்திருந்தார்.

"பரவாயில்லீங்களே. நல்லாக் கொறஞ்சிருக்குது. எடையும் கொறஞ்சிருக்குது. அப்படி என்ன சாப்பிட்டீங்க?"

"கறிதானுங்க" என்றார் என் வீட்டுக்காரர், பெருமையாக. "நீங்க சொன்ன மாதிரியே. தினமும் ரெண்டு கரண்டி ஆட்டுக்கறி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் முந்திக்கொண்டு, மூச்சு விடாமல், திருநீற்றிலிருந்து வாழைக்காய் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். பக்கத்து அறை அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து கேட்டுவிட்டு இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஈஸ்வரா! தினமுமா? ஆட்டையா?"

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்தும் அவரால் முடியவில்லை. அந்த அம்மாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை, பிரசவம் முடிந்து பிள்ளை அழுத சத்தம் கேட்டபோதுகூட.

"அப்ப கறி நல்லதுங்களா டாக்டர்?" என்று வீட்டுக்காரர் விடாமல் கேட்டார்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்படி நாஞ் சொல்ல மாட்டேனுங்க. நீங்க சோத்தக் கொறச்சீங்க, தேங்காயை விட்டீங்க, போண்டாவை விட்டீங்க, தினமும் மூணு மைல் நடந்தீங்க. கறியும் கொழுப்பில்லாத கறி. இதுல எது வேலை செஞ்சுதுன்னு நான் எப்படிங்க பிரிச்சுச் சொல்றது? கறியில்லாம இருந்தா இன்னுங்கூடக் கொறஞ்சிருக்குமோ என்னமோ. ஒரு ஆளை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாதுங்க. கறியைப் பத்தி எங்களுக்குள்ளயே இன்னும் சண்டை தீரல. கொழுப்புங்கறாங்க, சர்க்கரைங்கறாங்க, உக்காந்தே இருக்கறதுங்கறாங்க. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் தினமும் வேண்டாம். வாரத்துக்கு ஒருக்கா, கொஞ்சமா, கொழுப்பில்லாமச் சாப்பிடுங்க. நடக்கறதை மட்டும் விட்டுறாதீங்க."

அந்த டின்னில் இருந்த துண்டுகளில் ஒன்றுகூட, எங்களுக்கு முழுசாகத் தெரியாது என்று சொன்னதில்லை. தெரியாது என்பதை ஒரு டாக்டர் வாயால் கேட்டது எனக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது.

எழுந்திருக்கப் போனோம். நங்கை எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்க டாக்டர், ஒரே ஒரு நேரம் தின்ன கறி ஆளக் கொன்னுருமுங்களா?"

டாக்டர் நங்கையின் முகத்தைப் பார்த்தார். யாருக்கு, எப்போது என்று மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அண்ணன் பீடி பிடிப்பாரா என்று கேட்டார். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு என்றார் நங்கை. மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்று கேட்டார். ஒரு வருஷமாகவே வாங்கியது, தோட்டத்து வேலையால் வந்த அலுப்பு என்று நினைத்தோம் என்றார்.

"அம்மா, அந்த அடைப்பு ஒரு மத்தியானத்துல வர்றதில்லீங்க. வருசக்கணக்கா உள்ளுக்குள்ள ஆயிட்டே இருந்திருக்கும். அன்னிக்கு நீங்க ரசஞ்சோறு போட்டிருந்தாலும் அதுதான் நடந்திருக்குமுங்க."

நங்கை நம்பினாரா என்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அப்போது பக்கத்து அறை அம்மா வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"எங்கப்பா முட்டையைக்கூடத் தொட்டதில்லே. அவருக்கும் இதேதான் வந்தது. மத்தியானம் நான் பண்ணின வாழைக்காய்க் கறி சாப்பிட்டார், சாயங்காலம் இல்லே. நான் வாழைக்காயையா திட்ட முடியும்?"

நங்கை நிமிர்ந்து அந்த அம்மாவையே பார்த்தார். டாக்டர் சொன்னதைவிட இதுதான் அவருக்குள் போயிற்று என்று நினைக்கிறேன். அந்த அம்மா எங்களுக்குப் புதிய தாள் ஒன்று எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை காய்கறி என்று எழுதி, காய் என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார். பாயிடம் இதைச் சொல்லக் கூடாது என்று என் வீட்டுக்காரர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

காந்திபுரத்தில் நங்கையைப் பெருந்துறை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஞாயித்துக்கெழம பிள்ளைகளக் கூட்டீட்டு வாங்க. ஊட்ல கறி எடுக்கறேன்."

பஸ் கிளம்பிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். நங்கை கறி ஆக்கியிருந்தார், பக்கத்தில் ஒரு சட்டி நிறையப் பீன்ஸ் பொரியலும் இருந்தது. தம்பிக்குச் சோறு ஒரு கரண்டி, கறி இரண்டு கரண்டி போட்டார். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று சொல்லவில்லை. அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கை கழுவிய மனுஷன் ஒன்றையும் யோசிக்காமல் போய் ஆசாரத்துக் கட்டிலில் சாய்ந்துவிட்டார். அதே கட்டில்தான். எழுப்பலாமா என்று நங்கையைப் பார்த்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

இரண்டு பேரும் சமையலறை நிலைப்படியிலேயே நின்றோம். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. நல்ல கனமான குறட்டை. பதினாறு வருஷமாக நான் திட்டிக்கொண்டிருந்த குறட்டை. நங்கை அதை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே வந்து, மணையைப் போட்டு உட்கார்ந்து, ஒரு தட்டத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் ஒரு கரண்டி கறி போடு கண்ணு" என்றார்.

எந்தக் கறி என்று நான் கேட்கவில்லை. போட்டேன்.